அப்டேட்: லா ஸ்டூடண்ட் கவர் லெட்டர், 14 இடத்துக்கு அனுப்பியும் பதிலே வரலன்னு கேட்டிருந்தேனே

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, ஹைகோர்ட் பக்கத்துல ஒரு சீனியர் வக்கீலோட சேம்பர்ல (ஆபீஸ்ல) ஜூனியரா சேர்ந்துட்டேன்.

வேலை செஞ்சது மதுரைல ப்ராக்டிஸ் பண்ற அக்கா சொன்ன ஐடியாதான். "கடின உழைப்பாளி, ஆர்வம் உள்ளவன்"னு இருந்த முதல் பாராவ மொத்தமா தூக்கிட்டு, இன்டர்ன்ஷிப்ல நான் செஞ்ச ஒரே ஒரு வேலைய எழுதச் சொன்னாங்க. செக் பவுன்ஸ் கேஸ், 138 நோட்டீஸ் (செக் கொடுத்தவர்கிட்ட பணத்த கேட்டு அனுப்பற சட்ட நோட்டீஸ்) ட்ராஃப்ட் பண்ணது, செக் திரும்பிடுச்சுன்னு பேங்க் மெமோ வந்த தேதில இருந்து நோட்டீஸ் அனுப்ப 30 நாள் கணக்கு, நோட்டீஸ் கிடைச்சப்புறம் பணம் கட்ட 15 நாள், அப்புறம் கம்ப்ளைன்ட் போட ஒரு மாசம், இந்த தேதியெல்லாம் நானே சார்ட் போட்டு வச்சத நாலு வரில எழுதினேன். அந்த சேம்பர் அதிகமா பாக்கறதும் செக் கேஸ்தான், அதனாலதான் கூப்பிட்டாங்கன்னு நேர்லயே சொன்னாங்க.

ஒரு பக்கத்துக்குள்ள முடிங்கன்னு சொன்ன அண்ணாவுக்கும் நன்றி. மூட் கோர்ட் (ஸ்டூடண்ட்ஸ் வாதாடற மாதிரி கோர்ட் போட்டி) லிஸ்ட்ட ரெஸ்யூமேக்கே தள்ளிட்டேன்.

எதிர்பார்க்காதது ஒண்ணு: லெட்டர்ல குவாஷ் பெட்டிஷனுக்கு (கேஸையே ரத்து பண்ணச் சொல்லி ஹைகோர்ட்ல போடற மனு) பழைய பழக்கத்துல சிஆர்பிசி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 482னு போட்டிருந்தேன். 2024 ஜூலை 1ல இருந்து அதுக்கு பதிலா பிஎன்எஸ்எஸ்ங்கற புது சட்டம் வந்துடுச்சு, அதுல குவாஷ் 528, 482ன்னா முன்ஜாமீன்! இன்டர்வியூல முதல் கேள்வியே அதுதான். பதில் தெரிஞ்சதால தப்பிச்சேன், நீங்க அனுப்பறதுக்கு முன்னாடி செக்‌ஷன் நம்பர் எல்லாம் ஒரு தடவ செக் பண்ணிடுங்க.