காற்றாலைத் திட்டம்: 30 நாளுக்குள் கருத்து எழுதிக் கொடுக்கவேணும், எதை எழுதினால் எடுபடும்?

பனங்கூடல்:

வணக்கம். வன்னியின் மேற்குக் கரையில், கடனீரேரிக்கும் வயலுக்கும் நடுவில உள்ள எங்கட கிராமத்துக்குப் பக்கத்தில 18 காற்றாலை வைக்கப் போகினமாம். ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 62 சொச்சம். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பிரதேச செயலகத்தில பார்வைக்கு இருக்குது. மணல்மேடும் பனங்காடும் உள்ள வடிவான இடம், வெளியூர்ச் சனம் வந்து பார்த்துப் போற கரை. ஊர்ச்சங்கம் “இயற்கை அழகு கெடும், வேண்டாம்” என்று ஒரு பக்கக் கடிதமும் 400 கையெழுத்தும் தயாராக்கி வைச்சிருக்குது. இது போதுமா? முடிவெடுக்கிற ஆக்கள் உண்மையில எதைப் பாப்பினம்?

சோளகம்:

போதாது. கையெழுத்தைத் தனியாகக் கொடுங்கோ, ஆனால் அதை நம்பி இருக்காதேங்கோ. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி பொதுமக்கள் கொடுக்கிற கருத்துகளைத் திட்டக்காரருக்கு அனுப்பி, அவரிட்ட எழுத்தில பதில் வாங்கவேணும். “அழகு கெடும்” என்றால் “கவனத்தில் எடுக்கப்பட்டது” என்று ஒரு வரிப் பதில் வரும். “இத்தனையாம் பக்கத்து வரைபடத்தில 7ஆம் இலக்கக் காற்றாலைக்குப் போற பாதை வெள்ளவாய்க்காலைக் குறுக்கறுக்குது, மதகு எங்க?” என்று கேட்டால் ஆள் பதில் தேடத்தான் வேணும். ஒரு பந்திக்கு ஒரு கேள்வி. பக்க எண், காற்றாலை இலக்கம், கேட்கிற மாற்றம் மூன்றும் இருக்கட்டும்.

50 மெகாவாட்டுக்கு மேல என்பதால்தான் உங்களுக்கு இந்தச் சந்தர்ப்பமே கிடைச்சிருக்குது. அந்த எல்லைக்குக் கீழ, உணர்திறன்மிக்க பிரதேசத்துக்கு வெளியில என்றால் இந்த நடைமுறைக்குள்ளேயே வராது. ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை (முழு மதிப்பீட்டை விடச் சிறிய ஆய்வு) மட்டும் செய்தால், அந்தச் சட்டத்தின் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கட்டாயக் கருத்துக்காலமும் இல்லை. அதால பக்கத்தில வேற 20, 50 மெகாவாட் திட்டம் ஏதும் இருந்தால், எல்லாத்தையும் சேர்த்த தாக்கத்தைக் கணக்கிடச் சொல்லிக் கேளுங்கோ.

கடைசித் திகதியை விளம்பரத்தில பாருங்கோ. பதிவுத்தபாலில ஒரு பிரதி, நேரில குடுத்து முத்திரை குத்தி வாங்கின பிரதி ஒன்று. பகிரங்க விசாரணை வேணும் என்று தனிப் பந்தியில கேளுங்கோ. அது திட்டத்துக்கு அனுமதி குடுக்கிற அதிகாரசபையின் விருப்பத்தில் தங்கியது, கேட்காமல் வராது.

மதகடி:

எங்கட நிலத்துக்குக் காற்றாலையின் இறகை விட, அதுக்குப் போடுற பாதைதான் பெரிய கரைச்சல். இதைப் பற்றி ஆக்கள் கதைக்கிறது குறைவு.

பாரந்தூக்கியும் இறகு ஏத்தின லொறியும் போக 5, 6 மீற்றர் அகலப் பாதை வேணும். தட்டையான மணல் நிலத்தில அதை அரை மீற்றர், ஒரு மீற்றர் உயர்த்திக் கிரவல் போட்டு இறுக்குவினம். ஒவ்வொரு காற்றாலைக்கும் பக்கத்தில பாரந்தூக்கி நிக்க இறுக்கின மேடை ஒன்று. கோடையில பார்த்தால் நல்ல றோட்டு. கார்த்திகை, மார்கழியில அது ஒரு அணைக்கட்டு. தண்ணி கடலுக்குப் போகாமல் வளவுக்குள்ள நிக்கும். ஏற்கனவே காற்றாலை வைச்ச மன்னார்த் தீவில சனம் சொல்ற முறைப்பாடுகளில இதுவும் ஒன்று.

மதகு போட்டிருக்குது என்று அறிக்கையில இருந்தால் மூன்று விசயம் பாருங்கோ. ஒன்று, எத்தனை மழைக்குக் கணக்குப் போட்டது: வருடச் சராசரியா, ஒரு நாளில விழக்கூடிய ஆகக் கூடிய மழையா? சராசரி என்றால் அந்தக் கணக்கு உதவாது. இரண்டு, மதகின் அடித்தளம் இயற்கைத் தரை மட்டத்தில இருக்குதா? ஒரு சாண் உயர்ந்தாலும் அந்த ஒரு சாண் தண்ணி பின்னால தேங்கித்தான் நிக்கும். மூன்று, ஆர் துப்புரவாக்கிறது? மணலில குழாய் மதகு இரண்டு மாரியிலேயே பாதி அடைபட்டுப் போகும்.

உங்களிட்ட இருக்கிற பலம், மாரியில தண்ணி எங்கால ஓடும் என்று அங்க உள்ள வயது போன ஆக்களுக்குத் தெரியும். அவையைக் கூட்டிக்கொண்டு போய், ஓடுற இடங்களைக் கைத்தொலைபேசியில ஆள்கூறோட படமெடுத்து, அறிக்கையின் வரைபடத்தில சிவப்பில குறிச்சு இணையுங்கோ. அரை மீற்றர் இடைவெளிச் சமவுயரக்கோட்டு வரைபடமும் கேளுங்கோ. 5 மீற்றர் இடைவெளி வரைபடத்தில உங்கட ஊர் முழுக்க ஒரே வெள்ளையாகத்தான் தெரியும்.

நல்லதண்ணி:

மதகடி சொன்னதோட கிணறு. இந்த அளவு காற்றாலைக்கு அத்திவாரம் ஏறத்தாழ 20 மீற்றர் விட்டம், 3 மீற்றர் ஆழம், 500 கன மீற்றர் கொங்கிறீற் என்று வைச்சுக்கொள்ளுங்கோ. 6 கன மீற்றர் மிக்சர் லொறி என்றால் 80 தடவைக்கு மேல, இடையில நிறுத்தாமல். குழி நீர்மட்டத்துக்குக் கீழ போனால் கொங்கிறீற் போட்டு முடியும் மட்டும் இரவு பகலாகப் பம் ஓடும்.

மணலுக்குக் கீழ உள்ள நன்னீர் உப்புத்தண்ணிக்கு மேல மிதக்கிற ஒரு வில்லை. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நன்னீர் நின்றால் கீழ 40 அடி மட்டும் அது உப்பை அமத்தி வைச்சிருக்கும். மேல மட்டம் இறங்க இறங்க உப்பு அதே விகிதத்தில மேல வரும். உடன வராது, சில கிணறுகளில அடுத்த கோடையிலதான் வாயில தெரியும். அப்ப “இது கோடை உப்பு” என்று சொல்லிவிடலாம். அதால முன்கணக்கு வேணும்: 500 மீற்றருக்குள்ள இருக்கிற ஒவ்வொரு கிணற்றிலும் மாசியிலும் ஆவணியிலும் நீர்மட்டமும் மின்கடத்துதிறனும் (உப்புக் கூடினால் இது கூடும்) அளந்து, கிணற்று இலக்கத்தோட பதியவேணும். கையடக்க மீற்றர் போதும். கடல் தண்ணி ஏறத்தாழ 50,000 மைக்ரோ சீமென்ஸ். நல்ல கிணறு சில நூறில நிக்கும், ஏற்றம் உடன பிடிபடும். பம் பண்ணின தண்ணியை எங்க விடுறது, கொங்கிறீற்றுக்குத் தண்ணி எங்கயிருந்து வாறது என்பதையும் கேளுங்கோ. ஊர்க் கிணறு இல்லை என்று நிபந்தனையில எழுதவேணும்.

சோளகம்:

சத்தமும் நிழலும் சேர்க்கிறன். 1996ஆம் ஆண்டின் இரைச்சல் ஒழுங்குவிதிகளில பிரதேச சபை எல்லை குறைந்த இரைச்சல் பிரதேசம்: பகல் 55 டெசிபல், இரவு 45. தனி ஒரு பெரிய காற்றாலை 500 மீற்றரில ஏறத்தாழ 40 தரும். அதே தூரத்தில இரண்டு நின்றால் 3 கூடும், நாலு நின்றால் 6. 46 ஆகிப் போச்சு, இரவு எல்லையைத் தாண்டியாச்சு. ஒற்றைக் காற்றாலைக் கணக்கைக் காட்டினால் ஏத்துக்கொள்ளாதேங்கோ. சோளகக் காற்று தென்மேற்கில இருந்து அடிக்கிறதால, வரிசைக்கு வடகிழக்கில உள்ள வீடுகளில இரவில அளக்கவேணும்.

சுழல்நிழல், அதாவது இறகு சுத்தேக்க வீட்டில விட்டுவிட்டு விழுற நிழல், எங்கட அகலக்கோட்டில காற்றாலைக்குக் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள வீடுகளுக்குத்தான். வடக்கு, தெற்கில உள்ளவை பயப்படத் தேவையில்லை. மன்னார் தம்பபவனிக் காற்றாலைப் பண்ணையில நிக்கிறது போல இறகு சுத்துற வட்டம் 126 மீற்றர் விட்டம் என்றால், பத்து மடங்கு, 1,260 மீற்றர் தூரத்துக்குள்ள பாருங்கோ. ஜேர்மனியில வருடம் 30 மணித்தியாலம், நாள் ஒன்றுக்கு 30 நிமிசம் என்ற எல்லை இருக்குது. அதையே நிபந்தனையாகக் கேட்கலாம்.

கூழைக்கடா:

பறவைப் பகுதியில முதலில ஆய்வு செய்த மாதங்களைப் பாருங்கோ. ஆடி, ஆவணியில எண்ணியிருந்தால் வலசைப் பறவையில பெரும்பாலானது அங்க இராது. ஐப்பசி தொடக்கம் பங்குனி வரையாவது எண்ணியிருக்கவேணும், அதிகாலையும் இரவும் சேர்த்து. பூநாரை இரவிலயும் பறக்கும். பிறகு உயரம்: இறகுகள் பொருந்துற நடுக்குடம் 90 மீற்றர் உயரத்தில, இறகின் நீளம் 63 என்றால் 27 தொடக்கம் 153 மீற்றர் வரை ஆபத்து வலயம். அந்த உயரத்தில பறந்த எண்ணிக்கை தனி நிரலில இல்லையென்றால் அந்த அட்டவணையை வைச்சு மோதலைக் கணிக்கேலாது.

கம்பியை மறக்கவேண்டாம். காற்றாலைகளுக்கு இடையில 33 கிலோவோல்ற் கம்பி நிலத்துக்குக் கீழ போகவேணும். கடனீரேரிக்கும் குளத்துக்கும் இடையில பொழுதுபடப் பறக்கிற பறவை கம்பியிலதான் அடிபடும். மின்தொகுதிக்குப் போற பெரிய கம்பி வேற திட்டம் என்று தள்ளிவிடப் பாப்பினம். 50 கிலோவோல்ற்றுக்கு மேல், 10 கிலோமீற்றருக்கு மேல் நீளமான மேல்வழிக் கம்பிக்கும் மதிப்பீடு வேணும். இரண்டையும் ஒரே வரைபடத்தில காட்டச் சொல்லுங்கோ. தேசிய ஒதுக்கு எல்லையில இருந்து ஒரு மைலுக்குள்ள என்றால் வனஜீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்து அனுமதியும் தேவை.

பனங்கூடல்:

நன்றி எல்லாருக்கும். அப்ப அழகைப் பற்றி ஒன்றுமே எழுத ஏலாதா? அனுமதி குடுத்திட்டால் மேன்முறையீடு செய்யலாமோ?

சோளகம்:

எழுதலாம், அளந்து எழுதுங்கோ. சனம் வந்து நிக்கிற மூன்று, நாலு இடத்தைக் குறிச்சு, அந்த இடங்களில இருந்து சரியான அளவில காற்றாலைகளைப் பொருத்தின ஒளிப்படம் கேளுங்கோ. அதைப் பார்த்திட்டு “1, 2, 3ஆம் இலக்கங்களை மணல்மேட்டில இருந்து பின்னுக்கு எடுங்கோ” என்று சொல்லலாம். முழுத் திட்டத்தையும் நிப்பாட்டுறதை விட மூன்றை நகர்த்திறது நடக்கக்கூடியது. சோளகம் இவ்வளவு அடிக்கிற கரையில காற்றாலையே வேண்டாம் என்று நிக்கிறது எனக்குச் சரியாகப் படேல்லை, அது என்ர கருத்து.

மேன்முறையீடு: மறுக்கப்பட்ட திட்டக்காரர் அமைச்சின் செயலாளரிட்டப் போகலாம். அனுமதிக்கு எதிராக ஊராருக்கு அந்த வழி இல்லை. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில எழுத்தாணை (அதிகாரிகளின் முடிவை ரத்துச் செய்யச் சொல்லிக் கேட்கிறது), அல்லது உயர் நீதிமன்றத்தில அடிப்படை உரிமை மனு. இரண்டாவதுக்கு ஒரு மாதம்தான் தவணை. தீர்மானத்தின் பிரதியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில கேட்டால் முடிவு சொல்லவே 14 வேலைநாள் போகும், அதால முதல் நாளே விண்ணப்பியுங்கோ. அதானி நிறுவனம் மன்னார் 250, பூநகரி 234 மெகாவாட் திட்டங்களில இருந்து 2025 பெப்ரவரியில விலகினதை வழக்கில வென்றது என்று சிலர் சொல்லித் திரியினம். வழக்குகள் இருந்தது உண்மை, ஆனால் நிறுவனம் விலகினது மின்சார அலகு விலையை அரசு திரும்பப் பேச வெளிக்கிட்ட பிறகு.

மதகடி:

ஒன்று விட்டுப்போச்சு. சக்தி அனுமதி 20 வருடத்துக்கு. அதுக்குப் பிறகு கழட்டுறது ஆர், எந்தக் காசில? வங்கி உத்தரவாதம் கேளுங்கோ. பாரந்தூக்கி மேடைகளை வேலை முடிஞ்ச ஆறு மாதத்துக்குள்ள கிளறி மணலை மூடவேணும் என்றும் எழுதுங்கோ. அது மாரிக்கு முதல் முடியிற மாதிரித் திகதி போடவேணும்.