நெரிகிரி ஓரம் வெடிக்கிறது, மாட்ச்சா கசக்கிறது: எங்கே தப்பு?

பயறுப்பானை (கேள்வி):
ஜப்பானிய வாகாஷியில் (மரபு இனிப்புகளில்) நெரிகிரி பழகுகிறேன், வெள்ளை விழுதில் பூ, இலை மாதிரி உருவம் செய்யும் இனிப்பு அது. அளவு: ஷிரோஆன் (வெள்ளை பீன்ஸ் இனிப்பு விழுது) 300 கிராம், கொழுக்கட்டை மாவு 10, சர்க்கரை 20, தண்ணீர் 20 மில்லி. மாவை மைக்ரோவேவில் வேகவைத்து, சூடான விழுதோடு சேர்த்துப் பிசைகிறேன். பிசையும்போது கையில் ஒட்டுகிறது. உள்ளே அசுகி (சின்னச் சிவப்புப் பயறு) பூரணம் வைத்து மூடினால் ஓரம் வெடிக்கிறது. ஒரே மாவு எப்படி ஒட்டவும் வெடிக்கவும் செய்யும்?

இன்னொன்று: கூடக் குடிக்க மாட்ச்சா (பச்சைத் தேயிலைப் பொடி) 1 டீஸ்பூன், கொதிக்கிற தண்ணீர் 150 மில்லி. கசப்பில் இனிப்பே தெரிவதில்லை.

சல்லடை:
அவை இரண்டு தனித்தனிக் கோளாறு. விழுதில் ஈரம் மிச்சம் இருப்பதால் ஒட்டுகிறது. மாவு மாறிவிட்டதால் வெடிக்கிறது.

கொழுக்கட்டை மாவு சாதாரணப் பச்சரிசி. அமைலோஸ் (ஒரு வகை மாவுச்சத்து) அதிகம், ஆறினதும் விறைத்துக்கொள்ளும். நெரிகிரிக்கு வேண்டியது ஷிராதாமாகோ. பசையரிசியை ஊறவைத்துத் தண்ணீரோடு அரைத்து, அடியில் தங்கும் வண்டலைப் பிழிந்து உலர்த்தியது. அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லாததால் ஆறின பிறகும் இழுபடும். பார்க்கக் குருணையாக இருக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, குருணையை விரலால் நசுக்கிக் கட்டியில்லாமல் கரைத்த பிறகுதான் சர்க்கரை. 600 வாட்டில் 30 நொடி, கிளறி, மறுபடி 20 நொடி. வெண்மை போய்க் கண்ணாடி மாதிரி ஆனால் வெந்துவிட்டது. இதற்குப் பெயர் க்யூஹி. ஷிராதாமாகோ கிடைக்காவிட்டால் மோச்சிகோ (பசையரிசியின் நைஸ் மாவு) போதும். நம் கவுனி அரிசியும் பசையரிசிதான், ஆனால் அதன் கறுப்பு நிறம் வெள்ளை விழுதைக் கெடுத்துவிடும்.

விழுதுக்கு வருவோம். பீன்ஸை இரவு ஊறவைத்து, தோல் நீக்கி, விரலில் நசுங்கும் வரை வேகவைத்துச் சல்லடையில் தேய்க்கணும். தண்ணீர் ஊற்றித் தெளியவிட்டு, மேல்நீரைக் கொட்டி, துணியில் இறுக்கிப் பிழிந்த எடைக்கு 60 சதவீதம் சர்க்கரை. வேகும் முன்னாலேயே சர்க்கரை போட்டால் பீன்ஸ் கல்லாக நின்றுவிடும். கடையில் வாங்கிய ஷிரோஆனில் ஈரம் கூடுதல். தட்டில் பரப்பி, காகிதத் துண்டு போர்த்தி, 600 வாட்டில் ஒரு நிமிடம் வைத்துக் கிளறிக் கிளறி உலர்த்துங்கள். அவித்து மசித்த உருளைக்கிழங்கு போல மேலே பொரபொரவென்று ஆனதும் க்யூஹியைச் சேர்த்துச் சூட்டோடு பிசையுங்கள். புறங்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம்.

மூங்கில்கரண்டி:
சல்லடை சொன்னது சரி. பிசைந்த பிறகு செய்யும் வேலையைச் சொல்லவில்லை. மொத்தமாக உருட்டி ஆறவிட்டால் உள்ளே சூடும் ஈரமும் அடைந்துகிடக்கும், வெளித்தோல் மட்டும் காயும். எலுமிச்சை அளவு பிய்த்து, பிழிந்த ஈரத்துணிமேல் பரப்பி ஆறவிட்டு, ஒன்றுசேர்த்துப் பிசைந்து, மறுபடி பிய்த்து... மூன்று தரம். ஒவ்வொரு தரமும் நிறம் வெளுத்து வழவழப்பு கூடுவது கண்ணுக்கே தெரியும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள்.

மேல்மாவு 25 கிராம், உள்ளே பூரணம் 15. மேல்மாவை வட்டமாகத் தட்டும்போது நடு கொஞ்சம் தடிமனாகவும் ஓரம் மெல்லியதாகவும் இருக்கட்டும். இழுத்து மூடாமல், இடது கையில் சுழற்றிக்கொண்டே வலது கட்டைவிரலால் ஓரத்தை மேலே தள்ளி மூடணும். இழுத்தால் எந்த மாவும் கிழியும்.

முதலிலேயே முக்கோணக் குச்சியால் செவ்வந்தி இதழ் கீற வேண்டாம். சாகின் ஷிபோரி போதும்: உருண்டையை ஈரத்துணியில் வைத்து முறுக்கினால் துணியின் மடிப்பே கோலமாகிவிடும், சின்ன வெடிப்பும் அதில் மறைந்துவிடும்.

கெட்டில்மூடி:
மாட்ச்சாவுக்குப் பொடி 2 கிராம், தண்ணீர் 70 மில்லி, சூடு 80 டிகிரி. கொதிநீரில் காட்டெகினும் (தேயிலையின் துவர்ப்புச் சத்து) காஃபீனும் முந்திக்கொண்டு இறங்குவதுதான் உங்கள் கசப்பு. வெப்பமானி வேண்டாம், ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் சுமார் 10 டிகிரி இறங்கும். இரண்டு முறை போதும். பொடியைச் சலிக்காமல் போட்டால் கட்டி நாக்கில் பட்டு, அதுவும் கசப்பாகத் தெரியும். சாசென் என்ற மூங்கில் துடைப்பத்தின் நுனியை முதலில் வெந்நீரில் நனைத்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டி 15–20 நொடி அடியுங்கள். தேநீர்ச் சடங்கின் இரண்டு பள்ளிகளில், நுரை உரசென்கே முறையில் நிறைய, ஓமோதேசென்கேயில் குறைவு. எதுவும் தப்பில்லை.

முக்கியம்: ஒரு கடி, ஒரு மிடறு என்று மாற்றி மாற்றி வேண்டாம். தேநீர்ச் சடங்கில் இனிப்பு முழுவதையும் குரோமோஜிக் குச்சியால் வெட்டிச் சாப்பிட்டு முடித்த பிறகே கோப்பை வரும். நாக்கில் தங்கிய இனிப்பின்மேல் தேநீர் இறங்கணும். சடங்கு வழக்கப்படி நெரிகிரி போன்ற ஈர இனிப்பு கெட்டியான கொய்ச்சாவுக்கு, உலர் ஹிகாஷி இலகுவான உசுச்சாவுக்கு. வீட்டில் உசுச்சாவோடு நெரிகிரி தாராளமாகப் போகும்.

செஞ்சாவென்றால் (இலையாகப் போடும் பச்சைத் தேநீர்) இரண்டு பேருக்கு 4 கிராம் இலை, 160 மில்லி, 75 டிகிரி, ஒரு நிமிடம். அதற்கு யோகன் (அகர்-அகரில் உறையவைத்த பயறு இனிப்பு) நல்ல ஜோடி. வறுத்த ஹோஜிச்சாவுக்குக் கொதிநீரே சரி, அரை நிமிடம். அதோடு டைஃபுக்கு (பூரணம் வைத்த பசையரிசி உருண்டை). பால் கலந்த மாட்ச்சாவை மட்டும் நெரிகிரி பக்கத்தில் வைக்காதீர்கள், இனிப்புமேல் இனிப்பாகிவிடும்.

பயறுப்பானை:
நன்றி. முதல் நாளே செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

மூங்கில்கரண்டி:
வேண்டாம். ஃபிரிட்ஜின் குளிரில்தான் வெந்த மாவு சீக்கிரம் விறைக்கும், மேல்தோலும் காய்ந்துபோகும். பிசைந்த மாவை 50 கிராம் கட்டிகளாகக் காற்றுப் புகாமல் சுற்றி ஃபிரீசரில் போடுங்கள். செய்யும் நாள் அறைச்சூட்டில் இளகவிட்டு, ஒரு தரம் பிசைந்து, அப்புறம் உருட்டுங்கள். உருட்டினதை அன்றைக்கே சாப்பிட்டுவிடணும்.