மறுமொழி: ‘உறிஞ்சல்’ இரண்டு வேலை பார்க்குமா?

வணக்கம்.

absorption என்ற ஆங்கிலச் சொல்லின் எல்லாப் பொருளுக்கும் தமிழில் ‘உறிஞ்சல்’ போதும் என்கிறார் புதுவை நண்பர். எனக்குப் போதவில்லை. சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு மாத்திரை தந்து புறஊதா விளக்கின்முன் நிறுத்தும் சிகிச்சை உண்டு. அந்த நோயாளிகளுக்காக நான் எழுதிய துண்டறிக்கையில், "மாத்திரை உறிஞ்சப்பட்ட பிறகே விளக்கொளியில் நிற்க வேண்டும்" என்றிருந்தது. கடலூர் முதுநகர்ப் பெரியவர் ஒருவர் படித்துவிட்டு, "தம்பி, இதை மிட்டாய் போலச் சப்ப வேண்டுமா?" என்றார். தவறு அவருடையதா?

இந்தச் சிகிச்சையில் உறிஞ்சல் இரண்டு முறை நடக்கிறது. மாத்திரையிலுள்ள மெத்தாக்சலென் என்ற மருந்து முதலில் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகிறது. பிறகு தோலில் இருந்துகொண்டு 320 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புறஊதா ஒளியை வாங்கிக்கொள்கிறது. இரண்டாவதற்கு ‘உட்கவர்தல்’ உண்டு. உட்கவர் நிறமாலை என்று பள்ளியிலேயே படித்தோம். முதலாவதற்குத்தான் சொல் வேண்டும். ‘உட்கிரகித்தல்’ என்றால் பாடத்தைக் கிரகிப்பதுதான் நினைவுக்கு வருகிறது.

இந்த முதலாவதற்கு வந்த ‘மருந்தூறல்’ என்ற பரிந்துரை அழகு. ஆனால் தோல் நோயாளிக்கு ஊறல் என்றால் அரிப்பு. போதாக்குறைக்கு, எங்கள் பக்கத்துச் செய்தித்தாள் வாசகருக்கு ஊறல் என்றாலே போலீசார் அழிக்கும் சாராய ஊறல்தான்!

என் முன்மொழிவு ‘உடற்சேர்வு’. "சாப்பிட்டது உடம்பில் சேரவில்லை" என்கிறோமே, அதே சேர்தல். கிளைக்கிறதா பாருங்கள்: சேர்வு வேகம், சேர்வு உச்சம், தோல்வழிச் சேர்வு. கார்போகரிசி என்ற மூலிகை விதையை அரைத்து வெண்புள்ளியில் பூசி வெயில் காட்டுவது நம் பழைய வழக்கம். அதிலிருப்பதும் மெத்தாக்சலெனின் உறவான சோரலென்தான்; அங்கே நடப்பது தோல்வழிச் சேர்வு. மாத்திரையில் சேர்வு உச்சம்தான், அதாவது இரத்தத்தில் மருந்து மிக அதிகமாக இருக்கும் நேரம்தான், உயிர்நாடி. படிக வடிவ மருந்தானால் விழுங்கி ஏறத்தாழ 2 மணி நேரம் கழித்தே விளக்கைப் போடுவார்கள். திரவம் நிரப்பிய கேப்ஸ்யூலில் உச்சம் முந்தும். குமட்டலுக்குப் பயந்து சாப்பாட்டோடு விழுங்கினால் பிந்தும். இட்லியோடு விழுங்கியவரையும் வெறும் வயிற்றுக்காரரையும் ஒரே நேரத்தில் விளக்கின்முன் நிறுத்துவது சரியாகாது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. குடல் வழியே சேர்ந்ததில் ஒரு பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுகிறது. தப்பி வரும் மிச்சத்தையும் ‘உடற்சேர்வு’ என்றே சொன்னால், நான் குறை சொன்ன ‘உறிஞ்சலின்’ கதைதான் இதற்கும். அந்த மிச்சத்துக்கு ‘எய்தளவு’ என்று குறித்து வைத்திருக்கிறேன், அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மருந்தியல் படித்தவர்கள் யாராவது இதைவிட நல்லதாக ஒன்று தாருங்கள்.