புதுப்பிப்பு: புரோஜெஸ்டிரான் மாத்திரையும் தலைசுற்றலும்

குழந்தை உண்டாவதற்காக டாக்டர் கொடுத்த 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரான் (கருப்பையைக் கருவுக்குத் தயார் செய்யும் ஹார்மோன்) மாத்திரையைக் காலையில் விழுங்கினால் தலை கிறுகிறுக்கிறது, தண்டையார்பேட்டையில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கினால் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறேன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

"நீயா நிறுத்தாதே, டாக்டர்கிட்ட மாத்திக் கேளு" என்று ஒரு அக்கா சொன்னதுதான் பலித்தது. விழுங்கும்போது கல்லீரலில் அது தூக்கம் வரவைக்கும் பொருளாக மாறுகிறதாம். அதனால் அதே மாத்திரையை இரவில் பிறப்புறுப்புக்குள் வைக்கச் சொன்னார் டாக்டர். மூன்றாம் நாளே கிறுகிறுப்பு போய்விட்டது. கசிவு உண்டு, சின்ன பேட் போதும்.

எதிர்பாராதது வேறு. மார்பு வலி, உப்புசம், நாளும் தள்ளிப்போனது. அத்தை பால்கோவாவே வாங்கிவிட்டார்! ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. எல்லாம் மருந்தின் வேலை. அப்புறம் டாக்டர் சொல்லி நிறுத்தினேன். நாலாம் நாள் மாதவிடாய் வந்தது.