பிளாஸ்டிங் ஹெல்மட்டில் எண்ணெய் வாடை, சாயங்காலம் தலைவலி: எங்கே பிழை?

நோர்ட்டன் தம்பி:
அண்ணன்மாரே, ஒரு உதவி. நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் பழைய பெரிய இரும்புக் குழாய் ஒன்றுக்கு, அழுத்தக் காற்றால் கல் மணிகளை அடித்துத் துரு எடுக்கிற பிளாஸ்டிங் வேலை. தலைக்குப் போடும் ஹெல்மட்டுக்கு டீசல் கொம்ப்ரசரில் இருந்து ஹோஸ் வழியாகக் காற்று வருகிறது. கொஞ்ச நாளாக உள்ளே எண்ணெய் வாடை, கண்ணாடியும் பனி பிடித்து ஒன்றும் தெரிவதில்லை. சாயங்காலம் எல்லோருக்கும் தலைவலி, ஒரு பையனுக்கு வாந்தி வேறு. சுப்பவைசர் பில்டரை மாற்றித் தந்தார், வாடை போய்விட்டது, தலைவலி போகவில்லை. குளிருக்குத்தான் என்கிறார்கள். விரலில் மாட்டி இரத்த ஒட்சிசன் பார்க்கும் கருவி 98 வீதம் காட்டியது. மழை விடாததால் கொம்ப்ரசருக்குப் படங்கு கட்டியிருக்கிறோம், அதனால் ஏதாவது இருக்குமா?

மஸ்கெலியா பாஸ்:
தம்பி, இதை வாசித்த உடனே வேலையை நிறுத்துங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். ஒரே கொம்ப்ரசர் காற்றைச் சுவாசிக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் அது குளிர் இல்லை, எஞ்சின் புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. நீங்கள் மாற்றிய பில்டர் எண்ணெயையும் வாடையையும் பிடிக்கும், இந்த வாயுவைப் பிடிக்காது, அதனால்தான் ஒன்று போய் மற்றது நிற்கிறது. 98ஐ நம்பவே வேண்டாம்: இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தில் இந்த வாயு ஏறி உட்கார்ந்தாலும் அந்தச் சாதாரணக் கருவி அதையும் ஒட்சிசன் என்றே எண்ணிக் காட்டும். வாந்தி வந்த பையனை இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், கொம்ப்ரசர் காற்றைச் சுவாசித்தவர் என்று டொக்டரிடம் சொல்லுங்கள், சொன்னால்தான் அதற்கான இரத்தச் சோதனை செய்வார்கள்.

படங்குதான் எனக்குப் பெரிய சந்தேகம். எஞ்சின் புகை அதற்குள்ளேயே தேங்கி, கொம்ப்ரசர் அதையே திரும்ப இழுத்து உங்கள் மூக்குக்கு அனுப்புகிறது. நம்ம பக்கத்தில் மூடுபனி இறங்கிக் காற்று அசையாமல் நிற்கிற நேரம் படங்கு இல்லாமலேயே இது நடக்கும். காற்று இழுக்கும் வாயைப் புகைக்குழாய்க்கு எட்டாத உயரத்தில், லொறி நிறுத்தாத பக்கத்தில் வையுங்கள், பள்ளத்தாக்கில் காற்று திசை மாறும்போதெல்லாம் போய்ப் பாருங்கள். இன்னொரு காரணமும் உண்டு, எண்ணெய் போடும் கொம்ப்ரசர் அளவுக்கு மீறிச் சூடானால் எண்ணெய் கருகி உள்ளேயே இந்த வாயு உண்டாகும். அதனால் ஹெல்மட்டுக்குப் போகும் காற்றில் காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம் வேண்டும். அமெரிக்க அளவுப்படி சுவாசிக்கும் காற்றில் அது 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 10 பங்குக்கு) மேல் போகக் கூடாது, ஒட்சிசன் 19.5க்கும் 23.5க்கும் இடைப்பட்ட வீதத்தில் இருக்க வேண்டும்.

தலவாக்கலை பெயின்டர்:
பாஸ் சொன்னதைச் செய்து, காற்று சுத்தம் என்று தெரிந்த பிறகு கண்ணாடிக்கு வாருங்கள். பனி பிடிப்பதற்குக் காரணம் ஈரக் காற்று, இல்லாவிட்டால் காற்று போதாமை. தண்ணீர் பிடிக்கும் கிண்ணத்தைக் காலையில் மட்டும் இல்லாமல் இடையிடையேயும் திறந்து வடியுங்கள், பில்டருக்குள் இருக்கும் கரி நனைந்தால் வாடையைப் பிடிக்கிற வேலையையும் விட்டுவிடும். அழுத்தமானியைக் காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது, எல்லோரும் ஹெல்மட் மாட்டிய நிலையில் பாருங்கள், மூடி வைத்துப் பார்க்கும் எண் பொய். எவ்வளவு அழுத்தம் என்பது ஹோஸின் நீளத்தையும் எத்தனை துண்டு சேர்த்திருக்கிறது என்பதையும் பொறுத்தது, ஹெல்மட்டோடு வந்த புத்தகத்தில் அட்டவணை இருக்கும். ஹெல்மட்டுக்குள் நிமிடத்துக்கு 170 லீற்றராவது வர வேண்டும். சுவாசக் காற்றுக்கென்று செய்த ஹோஸைத் தவிர வேறு எதையும் சேர்க்க வேண்டாம், சாதாரண ரப்பர் ஹோஸ் தானே வாடை விடும்.

மாட்டுவதற்கு முன் ஹோஸைத் தனியாகக் கொஞ்ச நேரம் ஊதவிட்டு, நுனியில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடியுங்கள், எண்ணெய்ப் புள்ளியோ ஈரமோ துணியில் தெரியும். அப்புறம் ஹெல்மட்டின் கழுத்துச் சீலையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள், ஊசிமுனை ஓட்டை என்றாலும் தூசி அதில்தான் நுழையும். உள் கண்ணாடியில் கீறலோ வெடிப்போ இருந்தால் மாற்றுங்கள், அதன் ரப்பர் ஓரம் பள்ளத்துக்குள் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நோர்ட்டன் தம்பி:
பையனை ஆஸ்பத்திரியில் நிறுத்தி ஒட்சிசன் கொடுக்கிறார்கள், தெளிவாகப் பேசுகிறான். படங்கைக் கழற்றிவிட்டோம், அலாரம் வரும்வரை ஹெல்மட் மாட்டுவதில்லை என்று சுப்பவைசரிடம் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றார். இன்னொன்று, நாங்கள் அடிக்கிற கார்னெட் கல் மணி முடிந்தால் ஆற்று மணல் போடலாம் என்கிறார்கள். ஹெல்மட்தான் இருக்கிறதே?

மஸ்கெலியா பாஸ்:
வேண்டவே வேண்டாம். ஆற்று மணலில் பெரும்பகுதி சிலிக்கா, பொடியானால் நுரையீரலில் போய்த் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் கொண்டு வரும், அதைக் குணமாக்க மருந்து இல்லை. பிரிட்டனில் வார்ப்புப் பொருட்களை மணலால் அடிப்பதை 1949லேயே தடுத்துவிட்டார்கள். ஹெல்மட் போட்டிருப்பவர்கள் அடிக்கிற நீங்கள் மட்டும்தான், பக்கத்தில் கூட்டி அள்ளுகிறவருக்கு என்ன இருக்கிறது? கார்னெட் வரும்வரை வேலை நிற்கட்டும். அது வந்து அடிக்கும்போதும், அடித்து முடித்த கையோடு ஹெல்மட்டைக் கழற்றாதீர்கள், குழாய்க்குள் தூசி அடங்க நேரம் எடுக்கும், காற்று ஓடுகிறபடியே வெளியே வந்து உடுப்பைத் தட்டிய பிறகு கழற்றுங்கள்.