வாரம் இரண்டா, மூன்றா? அப்பாவின் டயாலிசிஸ் பற்றி ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

கேள்வி: கொளத்தூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 63. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோய் உள்ளவர். ஒன்றரை ஆண்டாகச் செவ்வாய், வெள்ளி என வாரம் இரண்டு நாள், நான்கு மணி நேரம் வீதம் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். காலை ஆறு மணி ஷிப்ட் என்பதால் பத்தரைக்கெல்லாம் வீடு திரும்பி, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். மாலையில் எழுந்து செய்தித்தாளை விரிப்பார். இந்த ஒழுங்கு அவருக்குப் பழகிவிட்டது.

சென்ற மாதம் ஒரு திங்கள்கிழமை இரவு, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து கட்டிலின் ஓரத்தில் கைகளை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி, அவசரமாக டயாலிசிஸ் செய்து மூன்றரை லிட்டர் எடுத்தார்கள். அங்கிருந்த சிறுநீரக மருத்துவர், இனி வாரம் மூன்று முறை செய்யுங்கள் என்றார். வழக்கமாகப் போகும் மையத்தில் கேட்டபோது, இங்கே எல்லாருக்கும் இரண்டுதான் என்ற பதிலுக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை.

அப்பாவோ, ரத்தத்தில் தேங்கும் கழிவுகளின் அளவைக் காட்டிப் பிடிவாதமாக மறுக்கிறார். “யூரியாவும் கிரியேட்டினினும் போன ஆண்டைவிடக் குறைந்துதானே இருக்கின்றன, வாரத்துக்கு நான்கு ஊசிக் குத்து போதாதா?” என்கிறார். இதற்கிடையில் உறவினர் ஒருவர், கூடுதல் கட்டணத்தில் செய்யப்படும் ஹீமோடயாஃபில்ட்ரேஷனுக்கு (ரத்தத்திலிருந்து கூடுதலாகத் திரவத்தை வடித்து, அதற்கு ஈடாகச் சுத்தமான திரவத்தைச் செலுத்தும் டயாலிசிஸ் வகை) மாறிவிட்டால் இரண்டு முறையே போதும் என்கிறார். கொலஸ்ட்ரால் மாத்திரை இதயத்தைக் காப்பாற்றும் என்றும் சொல்கிறார்கள். நம்பத்தகுந்த ஆய்வுகள் இவை பற்றி என்ன சொல்கின்றன என்று தெரிந்தவர்கள் விளக்கினால், அப்பாவிடம் உட்கார்ந்து பேச எனக்கு உதவியாக இருக்கும்.

பதில்: பழைய டெக்னீஷியன்

வணக்கம் தம்பி. டயாலிசிஸ் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான், மருத்துவர் அல்லன். முடிவு உங்கள் மருத்துவருடையதாகவே இருக்கட்டும்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது ‘திங்கள்கிழமை இரவு’ என்பதுதான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இயந்திரத்திலிருந்து விடுபடுகிறவர் அடுத்த செவ்வாய் காலை ஆறு மணிக்குத்தான் மறுபடி வருகிறார். இடையில் 92 மணி நேரம். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இடையில் 68 மணி நேரம். அந்த 92 மணி நேரத்தின் கடைசிப் பகுதியில்தான் அப்பாவுக்கு மூச்சு முட்டியிருக்கிறது, அது தற்செயல் அன்று. நெடு இடைவெளி முடிகிற நாளின் முதல் ஷிப்டில், ஆக்சிஜன் சிலிண்டரைக் கதவருகே நகர்த்தி வைத்துவிட்டுத்தான் நாங்கள் கதவையே திறப்போம்.

அடுத்தது நீரை எடுக்கிற வேகம். ஒரு பேச்சுக்கு, அப்பாவின் உலர் எடை (கூடுதல் நீரை எல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை) 60 கிலோ என்றும், ஒரு வாரத்தில் உடலில் சேர்கிற நீர் ஏழரை லிட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு முறையில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 3.75 லிட்டர், நான்கு மணி நேரத்தில் எடுக்கும்போது, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு மணிக்கு 15.6 மி.லி. ஆகிறது. மூன்று முறையாகப் பிரித்தால் அதே கணக்கு 10.4 மி.லி.க்கு இறங்கிவிடுகிறது. ஹெமோ என்ற பெரிய ஆய்வின் தரவுகளை மறுபடி அலசி 2011இல் வெளிவந்த கட்டுரையில், இந்த வேகம் 13 மி.லி.யைத் தாண்டியவர்களிடம் இறப்பும், குறிப்பாக இதயம் சார்ந்த இறப்பும், கூடுதலாக இருந்தது. ரத்தக் குழாய்க்குள் இருக்கும் நீரைத்தான் இயந்திரம் இழுக்கும். திசுக்களில் தேங்கியிருப்பது உள்ளே வந்து சேர நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் இழுத்தால் ரத்த அழுத்தம் சரியும், கெண்டைக்கால் தசை பிடிக்கும், இதயச் சுவரின் ஒரு பகுதி சிறிது நேரம் துவண்டுவிடவும் செய்யும். அப்பா வீட்டுக்கு வந்ததும் மாலை வரை படுத்தே கிடக்கிறார் என்றீர்களே, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

யூரியாவும் கிரியேட்டினினும் குறைந்ததில் மகிழ்வதற்கு முன், அவர் சாப்பிடும் அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். டயாலிசிஸ் நோயாளிக்குப் புரத உணவு குறைந்தாலும் யூரியா இறங்கும், தசை கரைந்தாலும் கிரியேட்டினின் இறங்கும். தசை கரைந்தவருக்கு உலர் எடையையும் அதற்கேற்பக் குறைத்து எழுத வேண்டும். குறைக்காமல் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தால், போன தசையின் இடத்தில் நீர் உட்கார்ந்துவிடும். எடைக் கருவி எதுவும் சொல்லாது. நான் பார்த்தவரையில், மூச்சு முட்டி வந்தவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருந்தது. கடைசியாக உலர் எடையை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். அப்பா ஒரு நாளைக்கு எவ்வளவு சிறுநீர் கழிக்கிறார் என்றும் நீங்கள் எழுதவில்லை.

பதில்: எண்ணும் எழுத்தும்

மருத்துவப் புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில், கேள்வியின் ஆய்வுப் பகுதிக்கு மட்டும் பதில் தருகிறேன்.

வாரம் மூன்று என்பது ஓர் ஆய்வில் வென்று வந்த எண் அன்று. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், ஸ்கிரிப்னர் உருவாக்கிய குழாய் இணைப்பின் உதவியோடு தொடர் டயாலிசிஸைத் தொடங்கிய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ். நீண்ட நேரச் சிகிச்சையை இடைவெளி விட்டுக் கொடுத்தபோது நரம்புப் பாதிப்பு முதலிய தொல்லைகள் வந்ததால் எண்ணிக்கையைக் கூட்டிக் கூட்டி, அனுபவத்தின் வழியாக மூன்றில் வந்து நின்றார்கள். ஷீல்ட்ஸ் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். 1971இல் அவர் உயிரைப் பறித்தது மாரடைப்பு. இன்றும் டயாலிசிஸ் நோயாளிகளிடம் இதயமும் ரத்தக் குழாயும் சார்ந்த இறப்புகளே முன்னிற்கின்றன. ஆகவே எந்த ஆய்வைப் படித்தாலும், அது ரத்தப் பரிசோதனை எண்ணை அளந்ததா, அல்லது இறப்பையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் அளந்ததா என்பதை முதலில் பார்த்துவிடுகிறேன்.

ஹெமோ ஆய்வு 2002இல் வெளியானது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்த 1,846 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு யூரியாவை வழக்கத்தைவிடக் கூடுதலாக வடிகட்டினார்கள். ரத்தம் கூடுதலாகச் சுத்தமாயிற்று. ஆனால் ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது இறப்பு விகிதம் குறையவில்லை. உங்கள் தந்தையின் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதிலை என்னால் தர முடியாது. கொலஸ்ட்ரால் மாத்திரையின் கதையும் இதுவே. ஜெர்மனியில் 1,255 சர்க்கரை நோயாளிகளிடம் அட்டோர்வாஸ்டாட்டினைச் சோதித்து 2005இல் வெளிவந்த 4டி ஆய்விலும், 2,776 பேரிடம் ரோசுவாஸ்டாட்டினைச் சோதித்து 2009இல் வெளிவந்த அரோரா ஆய்விலும் கெட்ட கொலஸ்ட்ரால் நாற்பது சதவீதத்துக்கு மேல் இறங்கியது. மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு ஆகியவற்றின் கூட்டுக் கணக்கில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதனால்தான், டயாலிசிஸ் தொடங்கிய பிறகு புதிதாக இம்மாத்திரையைத் தொடங்க வேண்டாம், முன்பே சாப்பிட்டு வந்தால் நிறுத்தவும் வேண்டாம் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

டெக்னீஷியன் ஐயா சொன்ன இடைவெளிக்கு வருவோம். அமெரிக்காவில் 32,065 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை 2011இல் வந்தது. அவர்கள் எல்லாரும் வாரம் மூன்று முறை செய்பவர்கள். வாரக் கடைசியில் மட்டும் நடுவே இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வுக்கு அடுத்த நாளில் இறப்பு விகிதம் ஆண்டுக்கு நூறு பேருக்கு 22.1 என்றும், மற்ற நாட்களில் 18.0 என்றும் இருந்தது. இது பதிவுகளைப் பார்த்துச் சொன்னதே தவிரக் குலுக்கல் முறை ஆய்வு அன்று என்ற எச்சரிக்கையோடுதான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் அவர்களுக்கு வாரத்தில் ஒருமுறை வருகிற நெடு இடைவெளி உங்கள் தந்தைக்கு வாரத்தில் இரண்டு முறை வருகிறது. அவற்றில் ஒன்று அவர்களுடையதைவிட ஒரு நாள் நீளமானது.

ஹீமோடயாஃபில்ட்ரேஷனைப் பற்றி உங்கள் உறவினர் சொல்வதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. ஐரோப்பாவில் 1,360 பேரிடம் நடந்து 2023இல் வெளியான கன்வின்ஸ் ஆய்வில், அதைச் செய்துகொண்டவர்களில் 17.3 சதவீதம் பேரும், பெரிய துளைகள் உள்ள ‘ஹை-ஃப்ளக்ஸ்’ வடிகட்டியால் வழக்கமான டயாலிசிஸ் செய்துகொண்டவர்களில் 21.9 சதவீதம் பேரும் இறந்தார்கள். மெச்சத்தக்க வேறுபாடுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் குறைந்தது 23 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடித்தெடுக்கும் அளவுக்கு நல்ல ரத்த ஓட்டம் உள்ளவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள். இரு சாராருமே வாரம் மூன்று முறை செய்தவர்கள். இரண்டு முறைக்கு ஈடாக அதைக் காட்டுவது, நடக்காத ஆய்வின் முடிவைச் சொல்வதாகும். அந்தப் பணம் மூன்றாவது நாளுக்குச் செலவாவதே மேல் என்பது என் கருத்து.

ஒரு சிறு விலகல்: டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் நிலைமை இவ்வளவு வறட்சியானது அன்று. 4,304 பேரிடம் நடந்து 2020இல் வெளியான டாபா ஆய்வில், டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை சிறுநீரகச் சீர்கேடும் சிறுநீரக, இதய நோய் இறப்பும் சேர்ந்த கணக்கை 39 சதவீதம் குறைத்தது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதானவரின் மகனான நீங்கள், சர்க்கரையோடு சேர்த்துச் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தையும் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்வது நல்லது.

பதில்: மயிலாப்பூர் அம்மா

நானே டயாலிசிஸ் நோயாளி. மூன்று ஆண்டுகளாக வாரம் இரண்டு முறைதான் செய்துகொள்கிறேன். ஆகவே இரண்டு என்றாலே ஆபத்து என்பதுபோல் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு இன்னமும் நாளொன்றுக்கு 700 மி.லி. அளவுக்குச் சிறுநீர் போகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதைச் சேகரித்துக் கொடுத்து, அதில் எவ்வளவு யூரியா வெளியேறுகிறது என்று மருத்துவர் கணக்கிட்ட பிறகே இரண்டைத் தொடரச் சொல்கிறார். அடிக்கடி டயாலிசிஸ் செய்தால் மிச்சமிருக்கும் சிறுநீரும் வேகமாக வற்றக்கூடும் என்பதை, வாரம் ஆறு இரவுகள் செய்து பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியிருப்பதாக அவரே எனக்கு விளக்கினார். தம்பி, அந்த அளவைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு, மூன்று என்று வாதாடுவதில் பயனில்லை. வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கித் தருகிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் சிறுநீரை அவை கெடுத்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் என் அனுபவம் ஒன்று. தண்ணீர் குடிக்காதே என்று திட்டுவதால் ஒரு பயனும் இல்லை, சென்னை மே மாத வெயிலில் சொல்லவே வேண்டாம். தாகத்தைக் கிளப்புவது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விட்ட இரண்டே வாரத்தில் எனக்கு இடைவெளியில் ஏறும் எடை மூன்றரை கிலோவிலிருந்து இரண்டு கிலோவாகக் குறைந்தது. காலையில் ஒரு பாட்டிலில் அந்த நாளுக்குரிய தண்ணீரை நிரப்பி வைத்துக்கொள்வேன். ரசமோ மோரோ காபியோ குடித்தால் அதே அளவை அந்தப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுவேன். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியத்தைச் சேர்க்கிறார்கள், அது நம் போன்றவர்களின் இதயத்தை நிறுத்திவிடக் கூடியது. இளநீரும் அப்படியே.

கேட்டவர்: கொளத்தூர்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீரைச் சேகரித்தோம். மொத்தம் 120 மி.லி.தான் இருந்தது. அம்மா அவர்கள் சொன்ன பாதை எங்களுக்கு இல்லை என்பது அந்தப் பாத்திரத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

மையத்தின் பதிவேட்டை வாங்கிப் பார்த்ததில், பதினான்கு மாதங்களாக உலர் எடை 58 கிலோ என்றே எழுதப்பட்டிருக்கிறது. அப்பாவின் கைக்கடிகாரம் இப்போது முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போகிறது. அதைத் தினமும் பார்த்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. மருத்துவர் உலர் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று வாரங்களில் ஒன்றரை கிலோ குறைக்கப் போவதாகவும், தினமும் இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்க்கும்படியும் சொன்னார். கொலஸ்ட்ரால் மாத்திரையை அப்பா முன்பிருந்தே சாப்பிட்டு வருவதால் அது தொடர்கிறது. ஹீமோடயாஃபில்ட்ரேஷன் பேச்சை விட்டுவிட்டோம்.

மூன்றாவது நாளுக்கு அப்பா மூன்று மாதம் மட்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டிருக்கிறார். 92 மணி நேரக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோதுதான் இறங்கி வந்தார். வரும் வாரம் முதல் செவ்வாய், வியாழன், சனி.

பதில்: பழைய டெக்னீஷியன்

நல்லது தம்பி. இனி சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவில் வருவதுதான் உங்கள் நெடு இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை விருந்துச் சாப்பாடு அதில்தான் வந்து விழும். உலர் எடையைக் குறைக்கிற இந்த மூன்று வாரமும் ரத்த அழுத்த மாத்திரையை டயாலிசிஸ் நாளின் காலையில் கொடுக்கலாமா, முடிந்த பிறகு கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் தொடங்கும் முன் எடை எவ்வளவு இருந்தது என்று இங்கே எழுதுங்கள்.