சோயா அவரையின் வேரழுகலுக்கு எதிரான இரு வகை எதிர்ப்பு: கலைச்சொற்கள் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

உயர்தர விவசாய விஞ்ஞான மாணவர்களுக்காகத் தாங்கள் எழுதிவரும் கட்டுரையில், சோயா அவரையின் வேரழுகல் நோய்க்கு எதிரான பரம்பரை எதிர்ப்பின் இரு வகைகளையும் ‘முழு எதிர்ப்பு’, ‘பகுதி எதிர்ப்பு’ என வழங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இச்சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முழுமை என்ற சொல்லைக் காணும் மாணவர் அதுவே மேலானது, மற்றையது குறையுடையது என்று எண்ணிவிடுவார். வயலில் நடப்பதோ வேறு.

இந்நோயை உண்டாக்கும் பைட்டோப்தோரா சோயே என்ற நுண்ணுயிர், பங்கசு போலத் தோன்றினாலும் உறவுமுறையில் கபில அல்காக்களுக்கே நெருங்கியது. மண்ணில் நீர் தேங்கும்போது அதன் இயங்கு வித்திகள், சோயா வேர் கசியவிடும் ஐசோபிளேவோன்கள் என்ற இரசாயனங்களை நாடி நீந்திச் சென்று வேரைப் பற்றுகின்றன. முதல் வகை எதிர்ப்பைத் தருபவை ஆர்பிஎஸ் (Rps) எனப்படும் பரம்பரையலகுகள்; இவற்றுள் 30க்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. நோய்க்காரணி கலத்துக்குள் செலுத்தும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை இவற்றுள் ஒன்று அறிந்துகொண்டால், தாக்கப்பட்ட கலங்கள் உடனே மடிந்து, நோய் அங்கேயே நின்றுவிடுகிறது. நோய்க்காரணி அப்புரதத்தை மாற்றிக்கொண்டாலோ இழந்துவிட்டாலோ, செடி அதனை அறியாது, எதிர்ப்பும் இல்லை. அதனாற்றான் அமெரிக்காவின் சோயா வயல்களில் இத்தகைய ஒரு பரம்பரையலகு பெரும்பாலும் 8 முதல் 15 ஆண்டுகள் வரையே பயன் தந்தது என்பர். இதனை ‘முழு’ என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்?

இரண்டாவது வகையில், பெரும்பாலும் பல பரம்பரையலகுகள் சேர்ந்து, ஒவ்வொன்றும் சிறிதளவு பங்களித்து, வேரில் அழுகல் பரவும் வேகத்தைக் குறைக்கின்றன. செடி நோயுறும், ஆனால் விளைச்சல் தரும். நோய்க்காரணியின் எல்லா வகைகளுக்கும் எதிராக இது செயற்படுவதால் எளிதில் முறிவதில்லை. இதன் குறை வேறிடத்தில் இருக்கிறது: முதல் மூவிலை விரியும் வரை இவ்வெதிர்ப்பு வெளிப்படாது. ஆகவே வித்து முளைக்கும் காலத்தில் நாற்றைக் காக்க, வித்துக்கு மருந்திட வேண்டியிருக்கிறது. இச்செய்தி தங்கள் கட்டுரையில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

‘செங்குத்து எதிர்ப்பு’, ‘கிடை எதிர்ப்பு’ என்ற சொற்களை ஒருவர் முன்மொழிந்திருந்தார். தென்னாபிரிக்கத் தாவர நோயியலாளர் வாண்டர்பிளாங்க், 1963இல் வெளிவந்த தமது நூலில் விளக்கிய பாகுபாட்டை ஒட்டியவை அவை. வரைபடத்தில் எதிர்ப்பு எவ்வாறு தோன்றுகிறது என்பதிலிருந்து பிறந்த பெயர்களாதலால், வரைபடத்தைக் காணாதவருக்கு அவை எதையும் உணர்த்தா. ஆயினும் அவர் எடுத்துக்காட்டிய உருளைக்கிழங்கு நமக்கு மிக நெருங்கியது. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் கிழங்குச் செய்கையாளர் அஞ்சும் பின்வெளிறல் நோய், இதே பைட்டோப்தோரா சாதியைச் சேர்ந்த இன்னோர் இனத்தால் வருவது. முதல் வகை எதிர்ப்பை மட்டும் நம்பித் தெரிவு செய்துவந்ததால், வெர்டிபோலியா என்ற கிழங்கு வர்க்கத்தில் இரண்டாவது வகை எதிர்ப்பு நலிந்துபோனது; புதிய நோய் வகை தோன்றியபோது அதனைக் காக்க ஒன்றும் எஞ்சவில்லை. நாம் ஆக்கும் சொல் சோயாவுக்கு மட்டுமன்றிக் கிழங்குக்கும் பொருந்த வேண்டும் என்று நான் விரும்புவது இதனாலேயே.

‘ஒற்றையலகு எதிர்ப்பு’, ‘பல்லலகு எதிர்ப்பு’ என்பனவும் போதா. ஒரே பரம்பரையலகு பெரும்பங்கு வகித்து அழுகலின் வேகத்தைத் தணிக்கும் நிலையும் உண்டு. எண்ணிக்கையை விடுத்துச் செயலைக் கொண்டு பெயரிடுவதே நன்று. எனவே முதல் வகைக்கு ‘இனங்காண் எதிர்ப்பு’ என்றும், இரண்டாவதற்கு ‘மட்டுப்படுத்தும் எதிர்ப்பு’ என்றும் முன்மொழிகிறேன்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து

—

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் விளக்கத்துக்கு மிக்க நன்றி. ‘முழு’, ‘பகுதி’ என்பவற்றைக் கைவிடுகிறேன். செயலைக் கொண்டு பெயரிட வேண்டும் என்பதும், ‘மட்டுப்படுத்தும் எதிர்ப்பு’ என்ற சொல்லும் எனக்கு முழு உடன்பாடே.

‘இனங்காண்’ என்பதில் மட்டும் ஓர் இடர் உள்ளது. நம் பாடநூல்களில் சாதிக்கு அடுத்த பாகுபாட்டை ‘இனம்’ என்றே கற்பிக்கிறோம். ஒரே இனத்துக்குள் இருக்கும் நோய் வகைகளைப் பற்றிப் பேசுமிடத்தில் ‘இனங்காண் எதிர்ப்பு’ என்று எழுதினால், பைட்டோப்தோரா சோயே என்ற இனம் முழுவதையும் செடி எதிர்க்கிறது என்று மாணவர் பொருள்கொள்ளக் கூடும். தாங்கள் நீக்க விரும்பிய அதே மயக்கம் வேறு வாயிலால் நுழைந்துவிடும். ஆகவே ‘கண்டறி எதிர்ப்பு’ எனலாமா? “இவ்வர்க்கத்தின் கண்டறி எதிர்ப்பு முறிந்துவிட்டது” என்று எழுதும்போது, செடியால் இப்போது நோய்க்காரணியைக் கண்டறிய இயலவில்லை என்ற காரணமும் சொல்லிலேயே அடங்குகிறது.

‘சகிப்பு’ என்ற சொல்லை இவ்விரண்டோடும் சேர்க்காமல் தனியே வைக்க விரும்புகிறேன். சில வித்து விவரத்தாள்களில் மட்டுப்படுத்தும் எதிர்ப்பையே சகிப்பு என்று குறிப்பிடுகிறார்கள். நோய் பரவுவதைச் செடி குறைப்பது ஒன்று. நோய் பரவியும் விளைச்சல் குறையாதிருப்பது மற்றொன்று. இதற்குத் தாங்கள் இசைந்தால், மூன்று சொற்களையும் இட்டுக் கட்டுரையைத் திருத்தி அனுப்புகிறேன்.

பணிவுடன்,
பண்டாரவளையிலிருந்து